சூரியக் குழாய்க்கு வைத்த சந்தனப் பொட்டு

1

ஆயுத பூஜையன்று என் வீட்டுக்காரர் ஒரு பொட்டு வைத்தார். அந்தப் பொட்டினால் நாங்கள் குடியிருக்கும் இடமே பறிபோகப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதை எழுத வேண்டுமென்றால் என் அக்கா செல்லம்மாவைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அவள் இன்னும் அங்கேதான், சிலோனில் இதை வாசிக்கிற உங்களுக்குப் பக்கத்தில், அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கில், வரிசை வீடான லயத்தில் இருக்கிறாள். அவளும் அத்தானும் பிள்ளைகளும் கப்பலேறி இங்கே தமிழ்நாட்டுக்கு வருவதா, வேண்டாமா என்பதுதான் இந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் ஓடிய பேச்சு.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் பார்வதி. அதே தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப் போகிற குழந்தைகளுக்குத் தொட்டிலாட்டி, பால்மாவு கரைத்துக் கொடுத்து, சாயங்காலம் எண்ணி ஒப்படைக்கிற வேலை. வீட்டுக்காரர் சுப்பையா, தோட்டத்துத் தேயிலை பாக்டரியான இஸ்டோரில், தூள் காய்கிற டிரையர் அடியில் நின்று வேலை பார்த்தவர். எங்களுக்கு ஒரே மகள், மல்லிகா. சின்னப் பிள்ளையாகக் கப்பலேறியவள் இப்போது ஹைஸ்கூலில் படிக்கிறாள். உங்கள் எல்லாருக்கும் தெரிந்த, வழியனுப்ப வந்தவர்கள் அழுத அழுகையில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயராகிவிட்ட அதே ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று வந்தவர்கள்தான் நாங்களும்.

இங்கே எங்களுக்குச் சர்க்கார் வைத்திருக்கும் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. என் அப்பா பிறந்தது அந்தத் தோட்டத்தில். நான் பிறந்தது அதே லயத்தில், மூன்று காம்பரா தள்ளி. இதில் யார் எங்கே திரும்பியது? போகாத ஊருக்கு வழி சொல்வது என்பார்கள். எங்களுக்கு அந்த ஊருக்குப் பாஸ்போர்ட்டே அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

2

வந்த புதிதில் கூடலூர்ப் பக்கம் காட்டை வெட்டித் தேயிலை வைக்கிற வேலை கொடுத்தார்கள். மழையும் அட்டையும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. இஸ்டோர் சூட்டில் வளர்ந்த சுப்பையாவின் நெஞ்சு அந்த ஈரத்தைத் தாங்கவில்லை. இருமி இருமி ஆள் பாதியானார். அப்புறம் யாரையோ பிடித்து, குன்னூரில் ஒரு தனியார் தேயிலை பாக்டரியில் இடம் கிடைத்து, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். குடியிருக்க இடம் தந்தவர் மாத்யூ சார். அவருடைய பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை. அதற்குப் பதிலாக நான் அவருக்குச் சமைத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத்யூ சார் திருவல்லா பக்கத்துக்காரர். ஊட்டியில் ஒரு போர்டிங் ஸ்கூலில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். மகன் அமெரிக்காவில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு சாமான் அனுப்புவான், ஆள் வரமாட்டான். அப்படி வந்த சாமான்களில் பெரியது, சூரியனைப் பார்க்கிற டெலஸ்கோப், எங்கள் வாயில் சூரியக் குழாய்.

முற்றத்தில் ஒரு சிமெண்டுத் தூண் கட்டி, அதன்மேல் குழாயை நிறுத்தியிருந்தார். ஆள் உயரத்துக்கு வெள்ளைக் குழாய். அதன் முன்பக்க வாயில் நல்ல செக்கச்செவேலென்று ஒரு கண்ணாடி. பின்பக்கம் கண் வைக்கிற இடத்தில் சோப்புப் பெட்டி மாதிரி ஒன்று. அதிலிருந்து ஒரு ஒயர் போய்ச் சன்னலுக்குள் பிளக்கில் சொருகியிருக்கும். அந்தப் பெட்டி கரண்டில் இளஞ்சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். சூரியனில் ஹைட்ரஜன் என்று ஒரு வாயு இருக்கிறதாம். அது விடுகிற ஒரே ஒரு சிவப்பை மட்டும் உள்ளே விட்டு, மற்ற வெளிச்சம் அத்தனையையும் வாசலிலேயே நிறுத்திவிடுமாம் அந்தப் பெட்டி. ஹைட்ரஜன் ஆல்பா என்பார் சார். கரண்டு போய்விட்டால் பெட்டி ஆறிப்போகும். அப்புறம் சூரியன் வெறும் சிவப்புத் தட்டுதான். குன்னூரில் கரண்டு போவதைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

பத்து மணிக்குமேல் மூடுபனி ஏறிவிடும் என்பதால் சார் காலையிலேயே தொப்பியைப் போட்டுக்கொண்டு, கறுப்புத் துணியைத் தலையில் மூடிக்கொண்டு குழாயில் கண் வைத்துவிடுவார். ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, அதன் ஓரத்தில் சின்னச் சின்னதாகத் தீ வரைவார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால், ஆறி ஆடை படிந்த பிறகுதான் குடிப்பார். சூரியனை நேரில் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்காமல் இதென்ன உபத்திரவம் என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன்.

3

அங்கே நம் இஸ்டோரில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெஷினை நிறுத்திக் கழுவி, வாழைமரம் கட்டி, ரோலர், டிரையர், சலிக்கிற மெஷின், தராசு, துரையுடைய ஜீப் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எங்கள் இஸ்டோரில் அந்தச் சந்தனக் கிண்ணம் சுப்பையாவின் கையில்தான் இருக்கும். அவர் பொட்டு வைத்தால் அந்த வருஷம் பெல்ட்டு அறாது என்று டீமேக்கர் ஐயாவே சொல்வார். ஒரு நாள்தான் என்றாலும், அந்த ஒரு நாள் அவர் ராஜா.

இங்கே பாக்டரியிலும் பூஜை உண்டு. பொரி, கடலை, சுண்டல், பாட்டுப்பெட்டி எல்லாம் உண்டு. ஆனால் கிண்ணம் யார் யார் கையிலோ போனது, இவர் பக்கம் வரவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. புது ஆள், ஓரமாக நின்றார், அவ்வளவுதான். பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் நேரே சந்தனக்கட்டையை எடுத்து உரைக்க ஆரம்பித்தார்.

என் அம்மிக்கு வைத்தார். அரிவாள்மணைக்கு வைத்தார். மல்லிகாவின் ஜியாமெட்ரி பெட்டிக்கு வைத்தார். அவருடைய பழைய டார்ச் லைட்டுக்கும் வைத்தார். சார் அன்று கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். முற்றத்துக்குப் போன இவர், குழாயின் மூடியைக் கழற்றி, அந்தச் சிவப்புக் கண்ணாடிக்கு நட்ட நடுவில் கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, அதற்கு மேல் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டார். உள்ளதைச் சொன்னால் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்புறம் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தார்.

விஜயதசமிக்கு மறுநாள் காலையில், ஊர் திரும்பிய சார் மூடியைக் கழற்றினார். காய்ந்து வெடித்த சந்தனம் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டியிருந்தது. அவர் கத்தவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஆரு செய்தது இது?"

சுப்பையா முன்னால் வந்து நின்றார். மறைக்கத் தெரியாத மனுஷன். தான்தான் வைத்ததாகச் சொல்லிவிட்டு, "வருசம் பூரா ஒழைக்கிற சாமானுங்க. ஒரு நாளைக்காவது அதுக்கு மரியாத செய்ய வேணாங்களா?" என்றார்.

சந்தனத்தில் மண் மாதிரிப் பொடி இருக்கும், தேய்த்தால் கண்ணாடி கீறிவிடும், கீறினால் இந்த ஊரில் எங்கேயும் வேறு கிடைக்காது என்று சார் மெதுவாகச் சொன்னார். சுப்பையாவை இனிமேல் குழாய்க்குப் பக்கத்தில் வரவே கூடாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்த மாசம் போகட்டும், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மல்லிகா புத்தகப் பையோடு வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போதெல்லாம் இந்த ஊர்ப் பேச்சுதான் வருகிறது. நான் கடையில் 'பாண்' என்று கேட்டால் அவளுக்குக் கூச்சம், பிரெட் என்று கேட்க வேண்டுமாம். கோச்சி என்றால் சிரிப்பாள். அன்று அவள் சிரிக்கவில்லை. "அப்பா எதுக்குங்கம்மா இப்பிடிப் பண்றாரு? நாம சிலோன்காரங்கன்னு இன்னும் யாருக்காச்சும் தெரியாம இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். சுப்பையாவின் காதில் விழுந்தது. அன்று பாக்டரிக்கு லீவு போட்டுவிட்டார்.

4

அப்புறம் சில நாள் சார் அந்தக் கண்ணாடியைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டே இருந்தார். பஞ்சை ஒரு தடவை ஒற்றினால் தூர எறிந்துவிட்டு வேறு பஞ்சு எடுப்பார். பிள்ளைக்காம்பராவில் கண்ணில் பூளை கட்டின குழந்தைக்கு நாங்கள் செய்வது அப்படித்தான். சந்தனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போனது.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிப் பார்த்த அன்று, சார் வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"பார்வதி, ஒன்னு நோக்கு. மங்கலாயிட்டு இருக்கு. என்ட கண்ணா, கண்ணாடியான்னு அறியணும்."

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அது ஏன் என்று எனக்கே தெரியாது, சூரிய பகவானிடம் போகிறோம் என்று கால் தானாகக் கழற்றிவிட்டது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணை வைத்தேன்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் ஒரு சிவப்பு வட்டம் வந்து நின்றது. அப்படி ஒரு சிவப்பை நான் எந்தத் துணியிலும் பூவிலும் பார்த்ததில்லை. முகமெல்லாம் சொரசொரவென்று, கேழ்வரகுக் களியின் மேல்புறம் மாதிரி. கும்பிடும்போது கண்ணைக் கூசவைக்கிற அந்தச் சூரியன், கூச்சமில்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடது ஓரத்தில், வட்டத்துக்கு வெளியே, விறகு நுனியில் நிற்குமே அந்த மாதிரி ஒரு தீ. அது ஆடவில்லை, அசையவில்லை, அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் வைத்த பொட்டு எங்காவது தெரிகிறதா என்றும் தேடினேன். தெரியவில்லை. அது தெரியாதாம். கண்ணாடியில் அழுக்கு இருந்தால் பொட்டாகத் தெரியாமல், முழுப் படமும் கொஞ்சம் மங்குமாம். அதைச் சார் பிறகு சொன்னார்.

என்ன தெரிகிறது என்று கேட்டார். சொன்னேன். ஓரம் கூர்மையாக இருக்கிறதா, புகைந்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். கத்தியால் வெட்டின மாதிரி இருக்கிறது என்றேன். தீக்குப் பக்கத்தில் வேறு ஏதாவது என்று கேட்டார். அதைவிட்டுப் பிரிந்து தனியாக ஒரு துண்டு, அந்தரத்தில் நிற்கிறது என்றேன். அவர் இன்னொரு கண்ணால் வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கண்ணாடி நல்லதாயிருக்கு," என்றார். "கண்ணுதான் போயி."

கோயம்புத்தூரில் டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தாராம், கண்ணில் புரை விழுகிறது என்று. அவர்தான் நம்பாமல் இருந்திருக்கிறார். கண்ணாடியில் சந்தனம் இருந்தவரை அதன்மேல் பழியைப் போட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சூடாகத் தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தேன். அன்று ஆறுவதற்கு முன்னால் குடித்தார். வேறு இடம் பார்க்கச் சொன்ன பேச்சை அதற்கப்புறம் அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து காலையில் அடுப்பு வேலையை முடித்துவிட்டு நான் பார்த்துச் சொல்வதும், அவர் வரைவதும் வழக்கமாகிவிட்டது. நேற்று பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு, அங்கே ஒரு தீ இருக்குமே என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "இன்னலெ கண்டது வேண்டா. இப்போ காணுன்னது மாத்ரம் சொல்லு," என்பார். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எனக்கு அந்தப் பழக்கம் பிடித்துப் போனது. என் பேச்சுக்கு இத்தனை மதிப்பு கொடுத்துக் கேட்டு, அப்படியே எழுதிக்கொண்டவர் அதுவரை யாரும் இல்லை.

ஒரு நாள் சூரியனின் முகத்தில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு, விழுந்த தலைமுடி மாதிரி. நாளுக்கு நாள் அது நகர்ந்து ஓரத்துக்குப் போனது. ஓரத்தைத் தாண்டிய அன்று கறுப்பைக் காணோம், அதே இடத்தில் பெரிய தீயாக எழுந்து நின்றது. இரண்டும் ஒன்றுதான் என்றார் சார். பின்னால் வெளிச்சம் இருந்தால் கறுப்பாகத் தெரியும், பின்னால் இருட்டு இருந்தால் தீயாகத் தெரியும், சாமான் ஒன்றே என்றார். அந்தத் தீக்குள் நம் பூமி அப்படியே முழுகிப்போகும் என்றும் சொன்னார். அதை நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

5

அந்த வாரம்தான் மல்லிகாவுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஊட்டிக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஆபீஸில் உட்கார்ந்தும் நின்றும் காத்திருந்து, கடைசியில் ஒரு கிளார்க் முன்னால் போய் நின்றேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஏனுங்க, உங்க பூர்வீகம் எந்தூருங்க?" என்றார். நான் தோட்டத்தின் பெயரையும் மேக்கணக்கையும் சொன்னேன். அது சிலோனுங்களே, அதுக்கு முன்னாடி எந்த ஊர் என்றார். அதற்கு முன்னால் நான் பிறக்கவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சான்றிதழ் வரவில்லை. பூர்வீக ஊரிலிருந்து யாராவது வந்து, இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான் என்று சொல்ல வேண்டுமாம். எந்த ஊர் என்று தெரிந்தால்தானே ஆளைத் தேட?

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கறுப்புக் கோட்டை நினைத்துக்கொண்டேன். அங்கே இருந்தவரை நாம் இந்தியாக்காரர். இங்கே வந்ததும் சிலோன்காரர். சாமான் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தால் அக்காவிடமிருந்து கடிதம். அக்காவுக்கு எழுதத் தெரியாது. பிள்ளைக்காம்பராவுக்கு என் இடத்தில் வந்திருக்கும் பெண்தான் எழுதிக் கொடுப்பாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது, சீக்கிரம் கப்பலேறச் சொல்கிறார்கள், அத்தான் ஒரு நாள் போகலாம் என்கிறார், மறுநாள் வேண்டாம் என்கிறார், 'தங்கச்சி, அங்கே எப்படி இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுது' என்று இருந்தது.

நம் ஆட்கள் கடிதம் எழுதும் லட்சணம் உங்களுக்குத் தெரியும். நலம், நலமறிய ஆவல், இங்கே ஒரு குறையும் இல்லை. எங்களுக்கு முன்னால் வந்த சின்னம்மா ஒருத்தி, குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது என்று எழுதினாள். வந்து பார்த்தால் வெந்நீரும் இல்லை, குழாயும் இல்லை. அந்தச் சின்னம்மாவிடம் நான் இன்று வரை பேசுவதில்லை. அந்தப் பாவத்தை நான் செய்யக்கூடாது என்று இருந்தேன்.

சுப்பையா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அத்தானும் இவரும் ஒரே டிரையர் அடியில் நின்றவர்கள். இவருக்கு இங்கே வாய்விட்டுப் பேச ஒரு ஆள் கிடையாது.

"வரச் சொல்லி எழுது புள்ள," என்றார்.

"வந்து கஷ்டப்பட்டா, ஒன்னாலதான் வந்தேன்னு சொல்ல மாட்டாளா? அந்தப் பேச்ச யாரு கேக்குறது?"

"சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும். பக்கத்துல இருந்துதான சொல்லும்?"

நான் கேட்கவில்லை. அக்காவே யோசித்து முடிவு செய்யட்டும் என்றேன். சாருக்குச் சொல்வது மாதிரியே எழுதினேன். கூடலூர் மழை, அட்டை, இவருடைய இருமல், ரேஷனில் அரிசி ஒழுங்காகக் கிடைப்பது, பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்பது, சான்றிதழுக்கு அலைவது, பிள்ளைகளின் பேச்சு மாறிப்போவது, கடைக்காரர் வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசுவது, ஆனால் கல்யாணம் காட்சிக்கு யாரும் கூப்பிடாதது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. முடித்துவிட்டு ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் போன கடிதங்களிலேயே இதுதான் யோக்கியமான கடிதம் என்று எனக்கு ஒரு பெருமை. ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

6

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வர வேண்டிய அதே கப்பலில் வந்த வேலாயுதம் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். அக்காவின் லயத்துக்கு எதிர் லயத்துக்காரர். கொத்தகிரிப் பக்கம் இடம் கொடுத்திருக்கிறார்கள். கையில் ஒரு துணிப்பை. அக்கா கொடுத்துவிட்டதாம். திறந்தால் கருவாடும் ஒரு பொட்டலம் தேயிலைத்தூளும். தேயிலைக் காட்டில் இருக்கிறவளுக்குத் தேயிலைத்தூள் கொடுத்துவிட்டிருக்கிறாளே என்று நான் சிரித்தேன். வேலாயுதம் சிரிக்கவில்லை.

அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் வேறு என்னென்னவோ பேசினார். பிறகுதான் சொன்னார்.

"அக்கா வரலம்மா. பாஸ்போட்ட மடிச்சுப் பொட்டிக்குள்ள வச்சிருச்சு. அத்தான் எவ்வளவோ சொன்னாரு."

பயந்துவிட்டாளா, என் கடிதத்தைப் படித்துப் பயந்துவிட்டாளா என்று கேட்டேன்.

"பயமா? அக்காவா?" வேலாயுதம் என்னைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒங்க காயிதத்த அந்தப் புள்ளய விட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. கேட்டுட்டு, 'மழைய எழுதியிருக்கா, அட்டைய எழுதியிருக்கா, அரிசியையும் எழுதியிருக்கா. வா அக்கான்னு ஒரு வார்த்த எழுதல. கூப்புடாத ஊட்டுக்கு நான் எப்புடிப் போறது'ன்னு சொல்லிருச்சு."

நம் லயங்களில் கூப்பிடுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த காம்பராவில் சடங்கு என்றாலும், ஒரே சுவர்தான் நடுவில் என்றாலும், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து வாசலில் வந்து நின்று பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் கூடப்பிறந்தவளும் போக மாட்டாள். எங்கள் மாமா மகள் கல்யாணத்துக்குப் பாதையில் நின்று சொல்லிவிட்டுப் போனார்களே தவிர, தாம்பாளத்தோடு வாசலுக்கு வந்து அழைக்கவில்லை என்று அக்கா அந்தப் பந்தியில் உட்காரவே இல்லை. அன்று அவளைச் சமாதானம் செய்யப் போய்த் தோற்றுத் திரும்பியவள் நான். அவளை என்னைவிட யாருக்குத் தெரியும்? உள்ளதை எழுது என்று அவள் கேட்டதும் உள்ளதை மட்டும் எழுதிவிட்டேனே.

மழையையும் அட்டையையும் அவள் என்னிடமா கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? இத்தனை வருஷமும் அவள் முதுகு மழையிலும் கால் அட்டையிலும்தானே கிடந்தது. தங்கச்சிக்கு நான் வேண்டுமா என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

7

இனி அவர்கள் வருவதற்கு என்ன வழி என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. போ என்று சொன்ன நாளைத் தாண்டிவிட்டால் அங்கே தோட்டத்தில் வேலை நிற்கும், பெயர் வெட்டுவார்கள், லயத்தைக் காலி செய்யச் சொல்வார்கள் என்கிறார் வேலாயுதம். திரும்ப எழுதிக் கொடுத்தால் பெயர் சேர்ப்பார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். விசாரிக்க ஊட்டிக்கும் ஒரு நடை போய் வந்தேன். அந்தப் பக்கம்தான் கேட்க வேண்டும் என்றார்கள்.

சுப்பையா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே சொன்னேனே என்று ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கொல்லைப்புறம் போய், தேவைக்கு மேல் விறகு பிளந்து அடுக்கிவிட்டு வந்தார். மல்லிகாதான், பெரியம்மா எப்போது வருவாங்க என்று கேட்டாள். வர மாட்டாள் என்றதும் போய்ப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு அங்கத்திய ஞாபகம் எல்லாம் போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காதான் அவளுக்கு முதன்முதலில் தலைபின்னி விட்டவள். அது மறக்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை நல்ல வெயில். மேகம் இல்லை, கரண்டும் இருந்தது. சார் கூப்பிட்டார், போனேன். துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை சார் என்றேன். அது உள்ளதை உள்ளபடி சொன்னதுதான். அவர் மேலே கேட்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, போய் உட்கார், இன்று வேண்டாம் என்றார்.

எனக்கு இப்போது என் மேலேயே கோபம். பழி வரக்கூடாது என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு யோக்கியம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். சூரியனைப் பற்றிச் சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் சொல்லலாம். சூரியன் நம்மை ஒன்றும் கேட்கவில்லை, நாம் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அது வரும், போகும். அக்காளிடம் அப்படிப் பேசலாமா?

எனக்கு அவள் வேண்டும். இங்கே நல்லது இருக்கிறது, கெட்டது இருக்கிறது, அதெல்லாம் கிடக்கட்டும். சான்றிதழ் வரும், வராமல் போகும். சண்டை போட, குற்றம் சொல்ல, என் சமையலைப் பழிக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். அவள் இல்லாமல் எனக்கு இந்த மலை ஒட்டவில்லை. இதை அன்றே எழுதியிருக்க வேண்டும்.

திரும்ப ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அது போய்ச் சேர்ந்தாலும், காகிதத்தில் கூப்பிட்டதை அவள் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். அட்டனுக்கு மேலே, மேக்கணக்கில், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கடைசி லயம். செல்லம்மா என்றால் யாரும் காட்டுவார்கள். இதை வாசிக்கிற யாராவது அந்தப் பக்கம் போனால், ஒரு தாம்பாளத்தில் வெற்றிலையும் பாக்கும் வைத்துக்கொண்டு போங்கள். வெளியே நின்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், அவளுக்குப் பிடிக்காது. அவள் வாசலுக்கு வரும் வரைக்கும் நில்லுங்கள். வந்ததும், உன் தங்கச்சி பார்வதி உன்னைக் கூப்பிடுகிறாள், குடும்பத்தோடு வரச் சொன்னாள் என்று சொல்லித் தாம்பாளத்தை அவள் கையில் கொடுங்கள்.

அவளால் இனி வர முடியாமலே போனாலும் போகட்டும். அவளைக் கூப்பிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.